எழுத்தாளரின் விடுதலையும் எழுத்தின் விடுதலையும்

புதுவை நகரிலிருந்து கடலோரமாய் வடக்கே பிள்ளைச்சாவடிக்குச் செல்பவர், இடையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கோட்டக்குப்பம் முதலிய ஊர்களைக் கடந்து, மீண்டும் புதுவை நிலத்தில் கால்வைக்கிறார். இன்று பேருந்துப் பயணிகள் எவரும் கவனியாத அவ்வெல்லை, 1908 முதல் பத்தாண்டுகள் சுப்பிரமணிய பாரதியாருக்குச் சிறைச்சுவராய் நின்றது. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட பகுதியில் இருக்கும்வரை ஆங்கில அரசு அவரைக் கைதுசெய்ய இயலாது. ஓரடி வெளியே வைத்தால் இயலும். அண்டையிலுள்ள காலாப்பட்டில் இப்பொழுது புதுவையின் மத்திய சிறை இருக்கிறது. ஆகவே சிறைப்பட்டோரை நினைக்குமாறு எபிரெயர் நிருபம் தரும் அறிவுரை இப்பகுதி ஆயர்களுக்குத் தொலைவான பொருள் அன்று. தம் எழுத்துக்காகவும் பாடலுக்காகவும் சிறைப்பட்ட கலைஞருக்காகப் பரிந்து பேசுதல் எத்தகைய பணி என்பதைப் பாரதியாரின் வரலாற்றிலிருந்தே ஆராயலாம்.

1918 நவம்பர் 20 அன்று அவர் புதுவையை விட்டு வெளியேறினார், கடலூரருகே கைதானார். சிறையிலிருந்து சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவுக்கு அவர் விடுத்த விண்ணப்பத்தில், தாம் அரசியலைத் துறந்துவிட்டதாக உறுதி கூறினார். இதனைப் படித்து முகஞ்சுளிப்போர் உண்டு. சிறைக்கு வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவரின் பணிவை அளந்து பார்ப்பது நேர்மையாகாது என்பதே என் கருத்து. வெளியே இருந்தவர்கள் செய்யவேண்டியதைச் சிலர் செய்தனர். சுதேசமித்திரன் ஆசிரியர் ரங்கசாமி ஐயங்கார், சி. பி. ராமசாமி ஐயர், அன்னி பெசன்ட் அம்மையார் ஆகியோர் அரசிடம் பரிந்து பேசினர். பெசன்ட் அம்மையாரே அதற்கு முந்திய ஆண்டு அதே ஆளுநரின் ஆணையால் காவலில் வைக்கப்பட்டு, நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின் பயனாக விடுவிக்கப்பட்டவர்.

டிசம்பர் 14 அன்று பாரதியார் விடுதலையானார். ஆனால் அவர் திருநெல்வேலி மாவட்டத்திலேயே தங்க வேண்டும். எழுதுவதைக் காவல்துறையின் பார்வைக்கு அனுப்பிய பின்னரே வெளியிட வேண்டும் என நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் அவர் வாழ்ந்தார். 1920இல் தடைகள் நீங்கியபின் சுதேசமித்திரனுக்குத் திரும்பினார். 1921 செப்டம்பரில் மறைந்தார். ஆள் வெளியே வந்தார், பேனா வரவில்லை.

எரேமியா 38ஆம் அதிகாரம் இதற்கு நெருங்கியது. தன் சொற்களுக்காகத் துரவில் இறக்கப்பட்ட தீர்க்கதரிசிக்காக அரசனிடம் பரிந்து பேசியவன் எபெத்மெலேக்கு என்னும் எத்தியோப்பியன், அந்நியன். கயிறு அக்குளை அறுக்காதபடி கந்தைத் துணிகளையும் தேடி எடுத்துச் சென்றான். (விளக்கவுரையாளர் பலர் விரைந்து கடந்துவிடும் செய்தி இது.) எனினும் எரேமியா துரவிலிருந்து வந்து சேர்ந்த இடம் காவற்சாலையின் முற்றமே.

‘அவர் நம்மவரா?’ என்னும் கேள்வி நம் சபைகளில் முந்திக்கொள்கிறது. மதுக்கடைகளை மூடக்கோரிப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் 2015 அக்டோபர் 30 அன்று திருச்சியில் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். நவம்பரில் பிணையில் வந்தார். மதுவிலக்கைப் பிரசங்கிக்கும் நாம் அந்நாட்களில் அவருக்காக எத்தனை மன்றாட்டுகளை ஏறெடுத்தோம் என்று ஆயர்கள் தத்தம் நினைவில் தேடட்டும்.

பரிந்து பேசுவோர் முதலில் படைப்பைப் படித்திருக்க வேண்டும் என்பதை மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் வழக்கு காட்டுகிறது. 2020 மே மாதம் இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அவர் கைதானார். ‘நவரசம்’ என்னும் அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புவதாகப் புலனாய்வினர் கூறினர். அவருக்காக உழைத்தோர், நல்லவர், இளைஞர் என்று இரங்கக் கேட்டதோடு நில்லாமல், கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, அவை வன்முறையைக் கண்டிப்பவை எனப் பிறர் தாமே படித்தறியச் செய்தனர். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. புத்தளம் உயர்நீதிமன்றம் 2023 டிசம்பரில் அவரை விடுவித்தது.