பூநாரையின் நிறம்

காமிரா பொய் சொல்லாது என்பது நம் பெரியவர்கள் காலத்து நம்பிக்கை. அந்த நம்பிக்கை இன்று ஆட்டம் கண்டுவிட்டது. படம் எடுப்பது ஒரு நொடி வேலை. கணினியில் அதைத் திருத்துவது ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தில் காக்கையையும் கிளியாக்கிவிடலாம்! அப்படியானால் பறவைப் படத்தை எந்த அளவுக்குத் திருத்தலாம்? இதற்கு நம் ஊர்ப் பூநாரையே நல்ல விடை தருகிறது.

குளிர்காலம் தொடங்கியதும் கட்ச் முதலிய இடங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பூநாரைகள் தாணேக் கழிக்கு வருகின்றன. மழைக்காலம் நெருங்கும்வரை தங்குகின்றன. இக்கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாயிற்று. 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. செம்பூர் மாணவர் ஹார்பர் ரயிலில் சிவ்ரி சென்றால் கழியோரத்துச் சேற்றுநிலத்தைக் காணலாம். மாதுங்கா, தாராவி மாணவருக்கும் அது தொலைவன்று.

வருபவை இரு வகை. பெரும் பூநாரை உயரமானது, வெளிர்நிறம் கொண்டது, அதன் அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரையோ குள்ளமானது, சிவப்பு மிகுந்தது, அலகும் கருஞ்சிவப்பு. இந்தச் சிவப்பு பிறவியில் வந்ததன்று. பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறப்பொருள்கள் உணவின் வழியே உடலில் சேர்ந்து இறகைச் சிவக்கச் செய்கின்றன. குஞ்சு சாம்பல் நிறமாகவே இருக்கும்; சிவப்பு ஏறச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே பூநாரையின் நிறம் வெறும் அழகன்று; அதன் இனத்தையும் வயதையும் உணவையும் சொல்லும் செய்தி.

இனிப் படம் எடுக்கும் முறையைப் பார்ப்போம். கடல் முழுதும் வற்றியிருக்கையில் பறவைகள் தொலைவில் சிதறி மேயும். நீர் ஏறும்போது கரைப்பக்கம் ஒதுங்கும். எனவே ஓத அட்டவணையைப் பார்த்துப் புறப்பட வேண்டும். சிவ்ரிக் கரை கிழக்கு நோக்கியது. காலையில் சூரியன் நம் கண்ணுக்கு எதிரே நிற்கும். மாலையில் முதுகுக்குப் பின்னால் வந்து பறவையின்மேல் ஒளி வீசும். கருஞ்சேற்றின் நடுவே வெளிர்நிறப் பறவை நின்றால் காமிரா ஏமாந்துபோகும். ஒளியை அதிகமாக வாங்கி இறகை வெளுத்துவிடும். ஆகவே ஒளியளவை அரைப் படியோ ஒரு படியோ குறைத்து எடுங்கள். முற்றிலும் வெளுத்த இறகைக் கணினியாலும் மீட்க முடியாது. வசதி இருந்தால் 'ரா' கோப்பாக எடுங்கள். திருத்துவதற்கு அதில் இடம் அதிகம்.

திருத்தும்போது மூலப்படத்தைத் தொடாமல் படி ஒன்றை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். முதலில் வெண்மைச் சமநிலை. பிறகு ஒளியும் நிழலும். பிறகு ஓரங்களை வெட்டுதல். பறவை நோக்கும் திசையில் சிறிது வெளி விடுங்கள். அடுத்து இருட்டில் தோன்றும் புள்ளிகளைக் குறையுங்கள். கூர்மை ஏற்றுவது கடைசியில்தான்.

நிறத்தைக் கூட்டும் பொத்தானில் மட்டும் கை நடுங்க வேண்டும். சற்றே மிகுத்தாலும் பெரும் பூநாரை சிறு பூநாரைபோல் தோன்றும், இளம்பறவை முதுபறவையாகும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பறவையை விட்டுவிட்டுச் சேற்றைப் பாருங்கள். சேறும் சிவந்திருந்தால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள்!

அன்றைய இருட்டறையிலும் திருத்தம் இல்லாமல் இல்லை. கையால் ஒளியை மறைத்து ஓரிடத்தை வெளுப்பாக்குவார்கள். அதிக ஒளி காட்டி மற்றோரிடத்தைக் கருமையாக்குவார்கள். ஆனால் இவை இருந்ததைத் தெளிவாக்கும் திருத்தங்களே தவிர இல்லாததைச் சேர்ப்பவை அல்ல. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே உருவாக்கிய கருவியால் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். நிறமே இல்லாத அப்படங்கள் இன்றும் மதிக்கப்படுகின்றன. ஏன்? அவை விலங்கை விலங்காகவே காட்டுகின்றன.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். 2024 சனவரியில் திறக்கப்பட்ட கடற்பாலம் சிவ்ரியில்தான் தொடங்குகிறது. நகரம் வளர்கிறது, சதுப்புநிலத்துக்கு நெருக்கடி ஏற்படுகிறது. எந்த இடத்தில், எந்த நாளில், எந்தப் பறவை இருந்தது என்பதற்கு மாணவர் எடுத்த படமும் சாட்சியாகலாம். ஈ-பேர்ட் போன்ற பதிவேடுகளில் ஐயமான குறிப்புகளைச் சரிபார்க்கப் படங்களே துணைசெய்கின்றன. சாட்சியின் நாக்கு பிறழ்ந்தால் வழக்கு தோற்கும் அல்லவா?

எனவே நண்பர்களே, கல்லெறிந்து பறவையைப் பறக்கவைத்துப் படம் எடுக்காதீர்கள். வண்ணம் பூசிப் படத்தைப் பறக்கவைக்கவும் வேண்டாம். காத்திருங்கள். கண்டதைக் கண்டபடி காட்டுங்கள். அந்தப் படம் பறவைக்கும் நன்மை செய்யும். பார்ப்பவருக்கும் நன்மை செய்யும்.