இரும்புத் தடம் – 11: சால்ஸ்கிட்டரின் அமிலக் கசடு

சென்ற வாரம் ஊதுலைக்குள் கற்கரி செய்யும் வேலையைப் பார்த்தோம். இந்த வாரம் கசடு. வெளியே கொட்டும் கழிவு என்றுதான் பலரும் அதை நினைக்கிறோம். ஆனால் ஒரு தாது உருக்கத் தகுந்ததா என்பதைத் தீர்மானிப்பதே கசடுதான். ஜெர்மனியின் கீழ்ச் சாக்சனி மாநிலத்திலுள்ள சால்ஸ்கிட்டர் இதற்கு நல்ல சாட்சி.

அங்கே இரும்புத்தாது ஏராளம். ஆனால் அதில் இரும்பு 30 சதவீதத்தை ஒட்டித்தான். சிலிக்காவோ மிக அதிகம். 60 சதவீத இரும்புள்ள சுவீடன் தாது கப்பலில் வந்திறங்கும்போது ஜெர்மனியின் ரூர் பகுதி எஃகு ஆலைகள் இதை ஏன் தேடப்போகின்றன?

உருகிய சிலிக்காவில் அணுக்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்வதால், அது முற்றிய வெல்லப்பாகு போல நகர மறுக்கும். சுண்ணாம்பு அந்தச் சங்கிலிகளை அறுத்துக் கசடை இளக்குகிறது. கற்கரியோடு வந்து இரும்பில் சேரும் கந்தகத்தையும் இழுத்துக்கொள்கிறது. கந்தகம் தங்கிவிட்டால், சூட்டில் உருட்டும்போதே எஃகு விரிசல் விடும். அதனால் சிலிக்காவுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ சுண்ணாம்பு இருக்கும்படி பார்த்துக்கொள்வது வழக்கம். சால்ஸ்கிட்டர் தாதுவுக்கு இப்படிச் சுண்ணாம்பு போட்டால் கசடு மலையாகக் குவியும். அதை உருக்கவே கற்கரி தீர்ந்துபோகும்.

கிளவுஸ்தால் சுரங்கவியல் கல்லூரிப் பேராசிரியர் மாக்ஸ் பாஷ்கேயும் ஓய்கன் பேட்ஸும் 1930-களில் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். சுண்ணாம்பைக் குறைத்து, கசடை அமிலத்தன்மையோடே ஓடவிடுவது. கந்தகம் இரும்போடு போனால் போகட்டும். உலைக்கு வெளியே, உருகிய இரும்பில் சோடியம் கார்பனேட் போட்டு அதை எடுத்துக்கொள்ளலாம். கூடவே இன்னொரு நன்மையும் கிடைத்தது. சுண்ணாம்பு மிகுந்த கசடில் பொட்டாசியமும் சோடியமும் தங்குவதில்லை. ஆவியாகி மேலேறி உலைச் சுவரில் படிந்து தொல்லை கொடுக்கும். அமிலக் கசடு அவற்றைத் தன்னோடு வெளியே கொண்டுபோய்விடும்.

எல்லா வேலையையும் ஒரே உலைக்குள் முடித்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டதைத்தான் இதில் பெரிய விஷயமாக நான் கருதுகிறேன். உலைக்கு வெளியே கந்தகம் நீக்குவது இன்று உலகெங்கும் சாதாரண நடைமுறை.

ஆனால் அந்த யோசனை போய்ச் சேர்ந்த இடம் கொடியது. போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாஜி அரசு, அந்நியத் தாதுவை நம்பியிருக்க விரும்பாமல், 1937-ல் நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங் பெயரில் சால்ஸ்கிட்டரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. கட்டுப்படியாகாது என்று ரூர் முதலாளிகள் எதிர்த்தும் பயனில்லை. அமெரிக்கப் பொறியாளர் ஹெர்மன் பிராசர்ட்டின் திட்டப்படி ஆலை எழுந்தது. 1939 அக்டோபரில் முதல் உலை எரிந்தது. 1942-ல் ஆலை வளாகத்துக்குள்ளேயே, மேம்பாலச் சாலைக்கு அடியில், டுரூட்டே வதைமுகாம் வந்தது. கைதிகளைக் கொண்டு அங்கே குண்டுகள் செய்தார்கள். அதே இடத்தில் இன்று நினைவிடம் இருக்கிறது. இதைச் சொல்லாமல் உலோகவியலை மட்டும் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

சால்ஸ்கிட்டரின் கடைசித் தாதுச் சுரங்கம் 1982-ல் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 1976-ல், தாது எடுப்பதை நிறுத்திய கோன்ராட் சுரங்கத்தை இப்போது அணுக்கழிவுக் கிடங்காக மாற்றுகிறார்கள். ஊதுலைகளோ இறக்குமதித் தாதுவில் ஓடுகின்றன.

நம் நாட்டுத் தாதுவில் இரும்புக்குக் குறைவில்லை. அலுமினாதான் அதிகம், கசடைக் கெட்டியாக்குவதில் அதுவும் சளைத்ததல்ல. ஜெர்மன் நிறுவனங்களின் துணையோடு எழுந்த ரூர்கேலா எஃகு ஆலையின் முதல் உலை 1959-ல் எரியத் தொடங்கியது. அந்தக் கதை அடுத்த வாரம்.