மறைமலைநகரில் குலைந்த நம்பிக்கை

நம் அங்கத்தினர்கள் சங்கத்தின் வரவு செலவைப் பொதுச்சபையில் கேட்டறியலாம். கம்பெனித் தொழிலாளிக்கோ முடிவு மட்டுமே வந்து சேருகிறது.

தாம்பரத்துக்குத் தெற்கே மறைமலைநகரில் இயங்கிய ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் நிகழ்ந்தது இதுவே. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக நிர்வாகம் 9-9-2021 அன்று அறிவித்தது. அங்கே ஏறத்தாழ 2,600 தொழிலாளர் இருந்தனர். எஞ்சிய ஏற்றுமதிக் கார்களைச் செய்து முடிக்கும் பொறுப்பும் அவர்கள் மீதே விழுந்தது. போகப்போகும் வேலையில் ஊக்கம் எங்ஙனம் பிறக்கும்? இழப்பீட்டுத் தொகையும் மாதக்கணக்கில் முடிவாகவில்லை. ஐயம் முற்றி, 30-5-2022 அன்று வேலைநிறுத்தம் தொடங்கிற்று. பின்னர்ச் சிலர் வேலைக்குத் திரும்பினர். தொழிலாளருக்குள்ளேயே பிளவு நேர்ந்தது. ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்தது. இழப்பீட்டுப் பேச்சு அதன் பின்னரே முடிவுற்றது.