வேகத்துக்கு வரம்பு வைக்கும் கடல் பந்தயம்

கடலில் நடக்கும் விசைப்படகுப் பந்தயத்தில் எல்லாப் படகுகளும் ஒன்றோடொன்று போட்டியிடுவதில்லை. நீளம், எடை, அடிப்பாகத்தின் வடிவம், இன்ஜினின் திறன், சில இடங்களில் உச்ச வேகம் ஆகியவற்றைப் பார்த்து அவற்றை வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். ஒரே நேரத்தில் மூன்று நான்கு வகுப்புகள் ஒரே நீர்ப்பரப்பில் ஓடினாலும், ஒவ்வொரு வகுப்புக்கும் வெற்றியாளர் தனி. பன்னாட்டு அளவில் இந்த விதிகளை வகுப்பது 1922-ல் தொடங்கப்பட்ட யுஐஎம் என்ற அமைப்பு. அதன் தலைமையகம் இன்று மொனாக்கோவில் இருக்கிறது. அமெரிக்காவில் பந்தயம் நடத்தும் சங்கங்கள் தங்களுக்கெனத் தனி விதிப்புத்தகம் வைத்துக்கொள்வதும் உண்டு.

இந்தியக் கடலில் இது பெரிய அளவில் அரங்கேறியது 2017 மார்ச் 3 முதல் 5 வரை, மும்பை மெரைன் டிரைவ் கரையோரத்தில். பிரிட்டனைச் சேர்ந்த பி1 நிறுவனத்தின் ‘சூப்பர்ஸ்டாக்’ வகுப்புப் பந்தயம் அது. டாக்கர் ராலியில் ஓடிய பெங்களூரு மோட்டார் சைக்கிள் வீரர் சி.எஸ். சந்தோஷும், கார் ராலி வீரர் கௌரவ் கில்லும் அதில் படகேறினார்கள். இருவருக்கும் பழக்கப்பட்ட களம் தரைதான். அவர்களால் கடலில் இறங்க முடிந்ததற்கு வகுப்பு விதியும் ஒரு காரணம். எல்லா அணிகளுக்கும் 28 அடி நீளமுள்ள, வி வடிவ அடிப்பாகம் கொண்ட ஒரே மாதிரிப் படகு. பின்னால் 250 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் ஒன்று. படகுக்கு இரண்டு பேர்: ஒருவர் ஓட்டுவார், மற்றவர் வழியையும் எதிராளியையும் பார்த்துச் சொல்வார். படகில் வேறுபாடு இல்லை என்றால், முந்துவதும் பிந்துவதும் ஆட்களின் கையில்தான்.

இப்படி ஒரே அச்சில் வார்த்த படகுகளின் வகுப்பு ஒரு வகை. இன்னொரு வகையில் படகை யார் வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் இன்ஜின், நீளம், குறைந்தபட்ச எடை ஆகியவை கட்டுக்குள் இருக்க வேண்டும். மும்பை வகுப்பின் பெயரை ஒத்திருந்தாலும் அதிலிருந்து வேறான, அமெரிக்காவின் சூப்பர் ஸ்டாக் இரட்டை உடல் படகுகளில் 300 குதிரைத்திறன் அவுட்போர்டுகள் இரண்டு மட்டுமே. எடைக்குக் கீழ்வரம்பு வைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது இல்லாவிட்டால், விலையுயர்ந்த கார்பன் இழையைக் கொண்டு படகை இளைக்க வைக்கிறவர் ஜெயிப்பார்; உடற்கூட்டின் வலிமையும் குறைந்துபோகும்.

மூன்றாவது வகையில்தான் வேக வரம்பு வருகிறது. ‘பிராக்கெட்’ வகுப்புகள் என்று அமெரிக்காவில் சொல்லப்படும் இவற்றில், இன்ஜின் எது, யார் கட்டிய படகு என்ற கேள்விகளுக்கு இடம் குறைவு. ஒவ்வொரு வகுப்புக்கும் இத்தனை மைல் வேகம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. படகிலுள்ள ஜிபிஎஸ் கருவி வேகத்தைப் பதிவு செய்யும். வரம்பை மீறினால் தண்டனை, தகுதிநீக்கம்வரை போகலாம். இந்த வரம்பின் முதல் நோக்கம் பணக்காரப் படகையும் பழைய படகையும் ஒரே தட்டில் நிறுத்துவதுதான்.

வேகத்தைக் கட்டிவிட்டால் போட்டி எதில் என்ற கேள்வி எழும். நேர்ப்பாதையில் எல்லோரும் வரம்பை ஒட்டியே ஓடுவதால், மிதவையைச் சுற்றித் திரும்புவதிலும், திரும்பியதும் வேகம் பிடிப்பதிலும், அலையில் வேகத்தை இழக்காமல் காப்பதிலும் வெற்றி தீர்மானமாகிறது. ஓர் அலை தூக்கிவிட்டாலே ஜிபிஎஸ் எண் தாண்டக்கூடும் என்பதால், கெட்டிக்கார அணி வரம்புக்குச் சற்றுக் கீழேயே நிற்கும். வேகமான படகை வேண்டுமென்றே மெதுவான வகுப்பில் சேர்த்துப் பரிசு தட்டுகிறவர்களும் உண்டு. கருவி வந்தபிறகும் இந்தத் தந்திரம் முழுவதும் ஒழிந்தது என்று சொல்லிவிட முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே கிளாஸ் 1. லம்போர்கினி இன்ஜின் காலத்து கிளாஸ் 1 படகு ஏறக்குறைய 5 டன் எடை. 850 குதிரைத்திறன் கொண்ட 8.2 லிட்டர் வி12 இன்ஜின்கள் இரண்டு. மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் பாயும். இதில் ஒருவர் சக்கரத்தைப் பிடிக்க, மற்றவர் இன்ஜின் விசையை மட்டும் கவனிப்பார். அவர் கண் முன்னால் வரும் அலையின் மேல் இருக்கும். அலையேறிப் படகு நீரைவிட்டுக் கிளம்பும் நொடியில் விசையைக் குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் சுழலும் புரொப்பெல்லர் தடையின்றி ஓடி இன்ஜினை உடைத்துவிடும். படகு மறுபடி நீரில் அமர்ந்ததும் விசையைத் திருப்பித் தர வேண்டும். பந்தயம் முழுவதும் கை ஓயாது. விதிப்புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும், கரடுமுரடான கடலில் உண்மையான வேக வரம்பை வைப்பது இந்த அலைதான்.

பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் சாவுக்குப் பிறகே வந்தன. 1987 ஆகஸ்ட் 23 அன்று, முன்னாள் ஃபார்முலா 1 கார் வீரர் டிடியே பிரோனி, இங்கிலாந்தின் வைட் தீவருகே எண்ணெய்க் கப்பல் கிளப்பிய அலையில் படகு கவிழ்ந்து, உடனிருந்த இருவரோடு இறந்தார். 1990 அக்டோபர் 3 அன்று, நடப்பு உலக சாம்பியனும் மொனாக்கோ இளவரசி கரோலினின் கணவருமான ஸ்டெஃபானோ கசிராகி மொனாக்கோவுக்கு அருகே கடலில் உயிரிழந்தார். அவர் ஓட்டியது திறந்த படகு. அதன்பின் மூடிய ஓட்டுநர் அறை, உடலைக் கட்டும் பட்டை ஆகியவை பற்றிய விதிகள் இறுகின. தலைகீழாக நீரில் கவிழ்த்த கூண்டிலிருந்து தப்பி வெளியேறும் சோதனையும் இன்று வேகமான வகுப்புகளின் வீரர்களுக்கு உண்டு.

மும்பைப் பந்தயம் ஆண்டுதோறும் நடக்கும் நிகழ்ச்சியாக வேரூன்றவில்லை. 2018 நவம்பர் 16 முதல் 18 வரை அமராவதியில் நடந்த ஃபார்முலா 1 படகுப் பந்தயமும் கிருஷ்ணா ஆற்றில்தான். கடல் அலைக்கு அங்கே வேலையில்லை. பந்தயப் படகு கட்டும் தொழிலோ, பயிற்சி பெற்ற ஓட்டுநர் கூட்டமோ பெரிதாக இல்லாத நாட்டுக்கு கிளாஸ் 1 பொருந்தாத ஆடம்பரம். மீண்டும் தொடங்குவதானால், ஒரே மாதிரிப் படகுகளைக் கொண்ட வகுப்பில் தொடங்குவதே சரி.