தட்டில் வளரும் ஆலமரம்

விழுதூன்றிப் பரவ வேண்டிய ஆலமரத்தைக் கையகலத் தட்டில் குறுக்கி வளர்ப்பது கொடுமையன்றோ என்று என்னிடம் கேட்போர் பலர். போன்சாய் மரத்தைப் பட்டினியிட்டுச் சிறுக்க வைக்கிறார்கள் என்னும் எண்ணமே இக்கேள்விக்குக் காரணம். உண்மை அதுவன்று, உரமும் வெயிலும் குறைந்தால் தட்டிலுள்ள மரம் நலிந்துவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தை எடுத்து, சுருண்ட வேர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைக் கத்தரித்துப் புதுமண்ணில் வைக்கிறோம். வெட்டிய இடத்தில் இளவேர்கள் கிளைக்கின்றன. நுனிக்கொழுந்தைக் கிள்ளினால் பக்க மொட்டுகள் விழிக்கின்றன. மரம் சிறுத்திருப்பது இவற்றால்தான். ஜப்பானில் 1625 முதல் இவ்வாறு பேணப்பட்ட பைன் மரமொன்று, 1945-இல் ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டுக்கும் தப்பியது. 1976-இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகச் சென்று வாஷிங்டனில் இன்றும் தழைக்கிறது. பட்டினி கிடந்த மரம் இத்துணைக் காலம் வாழுமா?

தொடங்குவோர் விலை கொடுத்து மரம் வாங்க வேண்டா. பறவை எச்சத்தால் சுவரிடுக்கில் முளைத்த ஆலங்கன்று போதும். எப்படியும் பிடுங்க வேண்டியதுதானே! தனிக் களிமண் ஆகாது. மணலும் செங்கற்பொடியும் கலந்து, நீர் தேங்காதபடி செய்க.

மரத்தருகே தனிக் கலத்தில் துணைச்செடி ஒன்று வைப்பது ஜப்பானியர் வழக்கம். அது மரத்தினும் தாழ்ந்திருந்து பருவத்தை உணர்த்த வேண்டும். நான் வைப்பது புளியாரை. மழை கண்டதும் மஞ்சட்பூ விரிக்கும். இரவில் இலைகளை மடக்கிக்கொள்ளும். அதை மரத்தின் தட்டிலேயே நட்டுவிடாதீர்கள். விரைவில் தட்டு முழுவதும் படர்ந்துவிடும்.