தீபாவளி முதல் பொங்கல் வரை... உடம்புக்கு லீவு விடாதீங்க!

சென்னை—

காலை 5½ மணி. மெரினா கடற்கரை. கலங்கரை விளக்கம் பக்கமிருந்து உழைப்பாளர் சிலை வரை கை வீசி நடக்கும் கூட்டம். கேன்வாஸ் ஷூ போட்டவர்கள், வேட்டியை மடித்துக் கட்டியவர்கள், சேலையை இழுத்துச் செருகிய மாமிகள்...

தீபாவளி நெருங்கியதும் இந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு தலையாகக் காணாமல் போகும்.

"என்ன சார், நாலு நாளா ஆளையே காணோம்?"

"வீடு நிறைய விருந்தாளி சார். தீபாவளி முடியட்டும், வந்துடறேன்."

தீபாவளி முடியும். மழை பிடித்துக்கொள்ளும். மழை விட்டால் மார்கழிப் பனி. நடுவில் கார்த்திகை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பிள்ளைகளுக்கு அரையாண்டு லீவு. "இனிமே என்ன சார், பொங்கல் போகட்டும்!"

தை பிறந்தால் வழி பிறக்கும். சரிதான். ஆனால் தொப்பை குறையுமா?

ஏறினது இறங்கலை!

அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் 195 பேரை எடை பார்த்தார்கள். அங்கே நவம்பர் முதல் ஜனவரி வரை பண்டிகைக் காலம். அந்தச் சில வாரங்களில் சராசரியாக ஏறிய எடை அரைக் கிலோ கூட இல்லை. சுமார் 370 கிராம்தான்!

"ப்பூ... இவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். விஷயம் அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. ஏறிய எடை அடுத்து வந்த மாதங்களிலும் இறங்கவே இல்லை! 2000-ம் ஆண்டில் இந்த முடிவு வெளிவந்தது.

ஒவ்வொரு வருஷமும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால்? பத்து வருஷத்தில் பேண்ட் பொத்தான் பதில் சொல்லும். அதற்குள் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வந்து உட்கார்ந்துவிடலாம்.

பலகாரம் இருக்கு... உலக்கை எங்கே?

பண்டிகை அந்தக் காலத்திலும் உண்டு. அதிரசமும் முறுக்கும் அப்போதும் உண்டு. ஆனால் அதைச் செய்ய உரலில் மாவு இடித்தார்கள். ஆட்டுக்கல்லில் உளுந்து அரைத்தார்கள். பொங்கலுக்கு ஏணி போட்டு வெள்ளையடித்தார்கள். தின்றது உழைப்பில் கரைந்தது.

இப்போது ஸ்வீட் பாக்கெட் கடையிலிருந்து வருகிறது. துணி போன் மூலமே வீடு தேடி வருகிறது. மிச்சமிருக்கும் பொழுது டி.வி. முன்னால் போகிறது. பலகாரம் மட்டும் அப்படியே இருக்கு. அதைக் கரைத்த வேலை போய்விட்டது!

தீபாவளி லேகியம் வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை யார் பார்த்துக்கொள்வது? கால்தான்! நடக்கும்போது தொடைச் சதையும் கெண்டைக்கால் சதையும் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்து எரிக்கின்றன. விருந்து சாப்பிட்டதும் பாயை விரிக்காமல் 10, 15 நிமிஷம் மெதுவாக நடந்தாலே சர்க்கரை ஏறும் வேகம் குறையும்.

கண்டக்டரும் டிரைவரும்!

நடையின் மகிமையை உலகுக்குக் காட்டியது ஒரு பஸ் என்றால் நம்புவீர்களா?

லண்டன் மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி ஏறி இறங்குவார். இருவருக்கும் ஒரே பஸ், ஒரே ரோடு. டாக்டர் ஜெர்ரி மோரிஸ் என்பவர் இரு தரப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து 1953-ல் முடிவை வெளியிட்டார். டிரைவர்களைவிட கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு!

அதோடு விடவில்லை. தபால் இலாகாவையும் பார்த்தார். நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுத்தவர்களைவிட, நாற்காலியில் உட்கார்ந்த குமாஸ்தாக்களுக்கே இருதயக் கோளாறு அதிகம்! மோரிஸ் 2009-ல் காலமானார். அப்போது அவருக்கு வயது 99!

எவ்வளவு நடக்கணும்?

பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி வீதம் ஐந்து நாள். மூச்சு கொஞ்சம் வாங்கணும். ஆனால் பேச முடியணும். அதுதான் சரியான வேகம். ஒரேயடியாக முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஐந்து நிமிஷம் நடந்தாலும் அது கணக்கில் சேரும்.

பண்டிகை நேரத்தில் இதற்கு வழியா இல்லை?

* தி.நகருக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் கடை வாசலிலேயே ஆட்டோவில் இறங்க வேண்டாம். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். கடையில் லிஃப்டுக்கு நிற்காமல் படி ஏறலாம்.

* ஆபீஸ் போகிறவர்கள் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடக்கலாம்.

* ஊருக்குப் போகும் பஸ்சில் "பத்து நிமிஷம் வண்டி நிக்கும்" என்று கண்டக்டர் குரல் கொடுத்ததும் இறங்குங்கள். டீயைக் குடித்துவிட்டு நாலு நடை நடந்துவிட்டு ஏறுங்கள்.

* கடைக்காரர்களுக்கு இது ஓய்வில்லாத சீசன். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பதும், கவுண்டரில் நின்றுகொண்டே இருப்பதும் நடை ஆகாது! கூட்டம் குறையும் நேரத்தில் பையனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம்.

* வீட்டு ஆண்களே! ஒட்டடை அடிப்பது, பரணில் ஏறிப் பாத்திரம் இறக்குவது, வாசல் கழுவுவது எல்லாமே தேகப்பயிற்சிதான். எல்லாவற்றையும் வீட்டுப் பெண்களே செய்யணும் என்று எந்த சாஸ்திரத்திலும் இல்லை!

உஷார்... உஷார்!

தீபாவளி அன்றும் மறுநாள் காலையும் தெருவெங்கும் வெடிப் புகை. ஆஸ்துமாக்காரர்களும் இருதய நோயாளிகளும் வெளியே நடக்கவேண்டாம். வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். கொட்டும் மழையில் ரோட்டில் பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியாது. அன்றும் வீட்டுக்குள்தான்.

சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு அதிகம் நடந்தால் மயக்கம் வரலாம். டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் இளவட்டங்களோடு கயிறு இழுக்கக் கிளம்பும் ஐம்பது வயதுக்காரர்களே! வருஷம் பூரா நாற்காலியில் இருந்துவிட்டு ஒரே நாளில் பலத்தைக் காட்டாதீர்கள். நெஞ்சு அடைத்தாலோ, இடது கை வலித்தாலோ "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.

ஆபீசுக்கு லீவு உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் லீவு உண்டு. பண்டிகை நாளிலும் இருதயம் மட்டும் ஒரு நிமிஷம் கூட லீவு எடுப்பதில்லை. அதற்காகவாவது தினம் அரை மணி காலை எடுத்து வைக்கலாமே!