முதுகு வலிக்கு ஏற்ற பரிகாரம் எது?

பவானியில் குழித்தறியில் அமர்ந்து ஜமக்காளம் நெய்பவரும், ஈரோட்டு வட்டாரத்து மஞ்சட்காட்டில் நாள் முழுதும் குனிந்து களையெடுப்பவரும் ஒருங்கே சொல்லும் குறை முதுகு வலி. நெய்த அளவுக்கே கூலி. படுத்துவிட்டால் வருவாய் இல்லை. ஆகவே, எந்தச் சிகிச்சைக்குப் பணமும் நாளும் செலவிடுவது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆராய்ந்தறிதல் நலம்.

இத்துன்பம் நம் பகுதிக்கு மட்டும் உரியதன்று. 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியால் வருந்தினர். அவர்களுள் பெரும்பாலோர்க்குக் கொடிய நோய் எதுவும் காரணமன்று. புதிதாய்த் தோன்றும் வலி பலருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடுகிறது.

வலி கண்டதும் பாயில் படுத்துவிடுவது நெடுநாள் வழக்கம். ஓரிரு நாள் ஓய்வு தீங்கன்று. அதற்குமேல் படுத்திருந்தால் தசைகள் தளர்ந்து, குணமாவது தாமதமாகும். இயன்ற அளவு நடமாடுவதே நன்று. வெந்நீர் ஒத்தடமும், எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதலும் சிலருக்கு இதம் தரும். ஆயினும் அவை துணையேயன்றி முழுப் பரிகாரமாகா. வலி மாத்திரை சில நாளைக்கு உதவும். மருத்துவரைக் கேளாது மாதக்கணக்கில் உட்கொண்டால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகக் கேடும் நேரக்கூடும்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, தனிக் காரணம் புலப்படாத வலிக்கு, உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நெறிமுறை வெளியிட்டது. அது உடற்பயிற்சியையும், வலியின் தன்மையை நோயாளிக்கு விளக்குவதையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாக அளித்தல் வேண்டாம் என்கிறது. அறுவைச் சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படும்.

பயிற்சியில் இன்னதே சிறந்தது என்பதில்லை. நாள்தோறும் விடாது செய்வதே பயன் தருவது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிற்கே வந்து அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. தக்க பயிற்சியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து அறியலாம். தறியிலிருப்போர் அரைமணிக்கொரு முறை எழுந்து சற்று நடந்து வருக. மூட்டை தூக்குவோர் அதனை உடலோடு அணைத்துத் தூக்குக. பளு மிகுந்தால் இருவராய்ச் சேர்ந்து தூக்குக.

எனினும், காலில் வலுக்குறைதல், மலசலம் அடங்காமை, சிறுநீர் கட்டுதல், தொடையிடுக்கில் உணர்ச்சியற்றுப் போதல் ஆகியவை தோன்றின் ஒரு நாளும் தாமதியாது அரசு மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். வலியோடு காய்ச்சலோ, காரணமற்ற உடல் மெலிவோ இருப்பினும், விழுந்து அடிபட்டபின் வலி வந்தாலும் மருத்துவரிடம் காட்டுக. இவை நீங்கலாக, வலிக்கு அஞ்சி முடங்காது, அளவோடு உழைத்து உடலைப் பயிற்றுவதே செலவு குறைந்த, நிலைத்த பரிகாரமாகும்.